தீவில் நாலு ராத்திரி

அத்தியாயம் 14

காலையில் ரகுபதிக்கு முதலில் தெரிவது முட்டிதான். கண்ணைத் திறப்பதற்கு முன்பே அது விழித்துக்கொண்டிருக்கும். முப்பத்தாறு வருஷம் ஊரான் வீட்டுத் தரையில் மண்டி போட்டு டைல்ஸ் ஒட்டிய முட்டி. வலது முட்டி மடங்காது, இடது முட்டி நிமிராது. இரண்டுக்கும் சமாதானம் சொல்லி கக்கூஸ் வரைக்கும் கூட்டிப்போய்ச் சேர்ப்பதற்குள் அபிராமபுரம் மொத்தமும் எழுந்து பல் தேய்த்து முடித்திருக்கும்.

இன்றைக்கு முட்டியோடு வயிறும் சேர்ந்துகொண்டது. நேற்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. முந்தாநாளும் பாதித் தட்டோடு எழுந்துவிட்டார்.

எல்லாம் அந்தத் தீவு வந்து குந்தியதால்.

போன ஞாயிற்றுக்கிழமை ரகுபதிக்கு அறுபது முடிந்தது. மகன் அறிவு அப்பன் கையில் போனைக் கொடுத்து, "பாரு நைனா" என்றான். நீலத் தண்ணீர். அதன்மேல் கால் ஊன்றி நிற்கும் ஓலைக்கூரை வில்லாக்கள். மாலத்தீவில் பணக்காரர்கள் மட்டும் போகிற தனித் தீவு. பன்னிரண்டு வருஷம் முன்னால் ரகுபதி மேஸ்திரியாகப் போய், மூன்று வருஷம் கிடந்து டைல்ஸ் ஒட்டிய அதே தீவு.

"நீ கட்டின எடத்துல நீயே காலாட்டிக்கினு படுக்கணும் நைனா. நாலு நைட்டு. நான் கூட்டிக்கினு போறேன்."

அறிவு சாஃப்ட்வேர் வேலைக்குப் போய் அஞ்சு வருஷமாகச் சேர்த்த பணம். மனைவி தேவானை மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரகுபதி கேசரித் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போனவர்தான், இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. எதற்கு இந்த வீம்பு என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

பதின்மூன்று வாரமாகக் கூட வருகிறவர்களுக்கு விளங்கியிருக்கும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடலாம். ரகுபதி அந்தத் தீவுக்குக் கூட்டிப்போன ஏழு ஆட்களில் ஒருத்தன் கபாலி. அவன் மட்டும் பெட்டியில் திரும்பி வந்தான். மேஸ்திரி வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கூலி ஆள் கைக்கு வராது. மேஸ்திரி கைக்கு வரும், அவர் பிரித்துத் தருவார். கபாலியின் கடைசி அஞ்சு மாசக் கூலியும் அப்படித்தான் வந்தது. அவன் பெண்டாட்டி முத்தம்மாவிடம் சேர்க்கச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ரகுபதியிடம் எண்ணிக் கொடுத்தார்கள். அவர் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கிய வாரம் அறிவுக்குக் காலேஜில் பணம் கட்டக் கடைசி வாரம். கட்டிவிட்டார். முத்தம்மாவிடம், "கம்பெனி இன்னும் தரலம்மா" என்றார். ஒரு மாசத்தில் புரட்டிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துச் சொன்னது. ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. தேவானைக்குக்கூடத் தெரியாது.

"யோவ், எழுந்தியா? பதினோரு மணிக்கு அந்த டிராவல்ஸ் பொண்ணு வரச் சொல்லிக்கீது. மூஞ்சக் கழுவு."

"நான் எங்கியும் வர்ல."

தேவானை சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். ரகுபதி நிமிர்ந்து பார்த்தார். ஐம்பத்தைந்து வயதில் முதல் சுடிதார். ரங்கநாதன் தெருவில் எடுத்தது. விலைச்சீட்டு இன்னும் கழுத்துக்குப் பின்னால் தொங்கியது.

"இன்னாம்மே இது வேஷம்?"

"கடல் காத்துக்குப் பொடவ தூக்குமாம். அறிவு சொன்னான். நல்லா கீதா?"

"ஐஸ் பொட்டிக்குத் துணி போத்தினாப்ல கீது."

"உன் வாயில மண்ண அள்ளிப் போட" என்று சிரித்தாள். சிரித்தவள் அப்படியே கதவில் சாய்ந்து நின்றாள். "மூணு வருசம்யா. நான் இங்க மீன் வெட்டிக்கினு, ஆத்தங்கரைல தண்ணி ஏறினா புள்ளைய இஸ்துக்கினு ஓடிக்கினு கெடந்தேன். நீ அங்க துன்னியா, தூங்கினியா, ஒரு எழவும் தெரியாது. எட்டு லட்சம் கொள்ளதான். தெரியுது. ஆனா அந்த எடத்த ஒருவாட்டி என் கண்ணால பாத்துடணும்."

 அவள் கேட்டு ரகுபதி எதையும் மறுத்த பழக்கம் இல்லை, கேட்ட பழக்கம் அவளுக்கும் இல்லை.

அறிவு சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே வந்தான். "நைனா, இன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும்தான் இந்த ரேட்டு. பாதிக் காசு கட்டணும். கட்டிட்டா திரும்ப வராது. அதான் உன்னக் கூப்பிடுறேன். காசுக்கு ஒர்த்தா இல்லியான்னு உன்ன மாதிரி சொல்ல வேற ஆள் கெடயாது. ஒவ்வொரு கல்லும் நீ வச்சது. பாத்துட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லு, உட்டுடறேன். பாக்காம சொல்லாத."

நியாயமாகப் பேசுகிற பிள்ளையிடம் அப்பன் என்ன செய்ய முடியும்? சட்டையை மாட்டிக்கொண்டார்.

*

பாண்டி பஜாருக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததுமே குளிர் முகத்தில் அறைந்தது. ஷ்ரேயா என்ற பெண் எழுந்து வந்து வரவேற்றாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். "வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி" என்று சொல்லி, கண்ணாடித் தம்ளரில் இளநீர் கொடுத்தாள். அதில் ஒரு பூ மிதந்தது. தேவானை பூவை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு ஒரே மடக்கில் குடித்தாள்.

சுவரில் பெரிய டிவி. தீவு ஓடியது. தேவானையும் அறிவும் கடலைப் பார்த்தார்கள். ரகுபதி தரையைப் பார்த்தார். நாலடிக்கு ரெண்டடி அளவில் சாம்பல் நிறக் கல். கப்பலில் வந்து, படகில் மாறி, அங்கிருந்து ஆள் தலையில் வந்த கல். ஒரு பெட்டி முப்பத்திரண்டு கிலோ. மணலில் கால் புதையப் புதைய ஒரு ஆள் ஒரு நாளைக்கு அறுபது பெட்டி.

"அங்க இறங்கின உடனே உங்க செருப்பை வாங்கி ஒரு பையில போட்டு வெச்சுடுவாங்க" என்றாள் ஷ்ரேயா. "கிளம்பற வரைக்கும் வெறுங்கால்தான். அதுதான் அவங்க ஸ்பெஷல்."

"வெறுங்கால்ல நடக்கவுட்டு, அதுக்குக் காசா?" என்றார் ரகுபதி.

"அப்பிடிப் பாத்தா எங்க குப்பத்துல அல்லாரும் கோடீஸ்வரங்கதான்" என்றாள் தேவானை.

ஷ்ரேயா சிரித்தாள். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. சாப்பாட்டுப் பட்டியலைக் காட்டினாள். தேவானை ஒரு படத்தில் விரல் வைத்தாள். "இது இன்னா கண்ணு?"

"ரீஃப் ஃபிஷ் ஆன்ட்டி. ஃப்ரெஷ்ஷா பிடிச்சு க்ரில் பண்ணித் தருவாங்க. ஏழாயிரம் வரும். ஆனா உங்க பேக்கேஜ்ல சேர்ந்துடும்."

"இது களவா மீனும்மா! லூப் ரோடு மார்க்கெட்ல கிலோ அறுநூறு. நானே செதில் எடுத்து, துண்டு போட்டு, கவர்ல கட்டித் தருவேன்."

"அம்மா, சும்மா இரு" என்றான் அறிவு. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொண்ணு அங்கிள், பிரைவசி. அங்க முந்நூறு பேர் வேலை பார்க்கறாங்க. ஒருத்தரைக்கூட உங்க கண்ணுல பட விடமாட்டாங்க. நீங்க சாப்பிட்டுட்டு வந்தா பெட் விரிச்சிருக்கும், பாத்ரூம் பளபளன்னு இருக்கும். யார் பண்ணினாங்கன்னே தெரியாது. மேஜிக் மாதிரி."

ரகுபதி இளநீர்த் தம்ளரைத் தள்ளி வைத்தார். அந்த மேஜிக்கைச் செய்கிற விதம் அவருக்குத் தெரியும். மேஜிக் பெட்டிக்கு உள்ளே இருந்தவர் அவர்.

ஷ்ரேயா கணக்குத் தாளை எடுத்தாள். வில்லா ஒரு ராத்திரிக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். நாலு ராத்திரி. தண்ணீரில் இறங்குகிற குட்டி விமானம் ஆளுக்கு ஐம்பதாயிரம். சென்னையிலிருந்து போகவர ஆளுக்கு இருபத்தைந்தாயிரம். சாப்பாடும் வரியும் சேர்த்து ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். மொத்தம் எட்டு லட்சத்து முப்பத்து மூவாயிரம்.

ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ரகுபதி அந்தத் தொகையிலேயே நின்றுவிட்டார். கபாலிக்கு மாசம் இருபத்திரண்டாயிரம், அஞ்சு மாசம். ஒன்பது வருஷமாக அவர் மனசுக்குள் பெருக்கிப் பார்க்கிற கணக்கு. எப்படிப் பெருக்கினாலும் அதே தொகைதான் வரும். இங்கே அது ஒரு ராத்திரி படுக்கைக்கு ஆகிறது. அங்கே ஒருத்தன் அஞ்சு மாசம் சுமந்தால் வருகிறது.

"அப்புறம் அங்கிளுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றாள் ஷ்ரேயா. "அந்த ரிசார்ட்ல இப்ப மேனேஜரா இருக்கறது நம்ம ஊர்க்காரர். ராயப்பேட்டை ஆசிஃப் சார். உங்க பேரைச் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்துடுச்சு. படகுத்துறையில அவரே மாலையோட நிப்பாராம்."

ஆசிஃப். அப்போது அவன் சம்பளக் கிளார்க். காகிதத்தைத் திருப்பி வைத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியவன். "கபாலி ஒய்ஃப்கிட்ட பத்திரமா சேத்துடுங்க மேஸ்திரி" என்று சொன்னவன். மாலை போட்ட கையோடு அவன் கேட்கப்போகிற முதல் கேள்வி என்னவாக இருக்கும்?

"வேணாம்டா" என்றார் ரகுபதி. "காசுக்கு ஒர்த் இல்ல."

"ஏன் நைனா?"

"இல்லன்னா இல்ல."

"அப்பிடி மொட்டையா சொன்னா எப்பிடி? இரு, போய்ட்டு வந்தவங்க இன்னா எழுதிக்கிறாங்கன்னு பாப்போம்."

அறிவு ஒரு மிக்சி வாங்குவதற்கே ஐம்பது பேர் எழுதியதைப் படிக்கிறவன். போனைத் தள்ளித் தள்ளி, அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனான். "சொர்க்கம்னு போட்டுக்கிறான். இவனுக்குப் பொண்டாட்டியையே ரெண்டாவது வாட்டி கல்யாணம் பண்ண மாதிரி இருந்துச்சாம். இதோ ஒருத்தன் ஒரே ஒரு ஸ்டார் குடுத்துக்கிறான். 'பதினேழாம் நம்பர் வில்லா. குளியலறை மூலையில் தண்ணீர் தேங்குகிறது. இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். இவ்வளவு காசு வாங்குகிறீர்கள், ஒரு தரையை ஒழுங்காகப் போட ஆள் கிடைக்கவில்லையா? எந்த முட்டாள் போட்டது?'"

அறிவு சிரிக்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். "நைனா... இது நீ போட்டதா?"

"அதெல்லாம் ஒருத்தர் ரெண்டு பேர் எழுதறது" என்றாள் ஷ்ரேயா. "நாம பதினெட்டு கேட்டு வாங்கிக்கலாம்."

ரகுபதியின் காது மடல் சூடேறியது. திருடன் என்று யாராவது சொல்லியிருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பார். அந்தப் பேருக்குத் தகுதி உண்டு. ஆனால் தரை! ரகுபதி மேஸ்திரி போட்ட குளியலறையில் ஒரு செம்பு தண்ணீரைக் கவிழ்த்தால் அது தானே வழி தெரிந்து ஓட்டைக்குப் போகும். அந்த வாட்டத்துக்காகவே மயிலாப்பூரில் வீடு கட்டுகிறவர்கள் மாசக்கணக்கில் காத்துக் கிடந்திருக்கிறார்கள். அவர் போட்ட தரையில் தண்ணீர் நின்றது ஒரே ஒரு தடவைதான்.

"நான்தான் போட்டேன்" என்றார். "கபாலி செத்த மறுநாள் போட்டது."

அறிவு போனைக் கீழே வைத்தான்.

"மொத மொத பணக்காரனுங்க எடத்தப் பாக்க வந்தானுங்க. வேலைக்காரன் ஒருத்தனும் கண்ணுல படக்கூடாதுன்னு உத்தரவு. நூத்தி நாப்பது பேரு. தீவுக்குப் பின்னாடி தகரப் பொட்டிங்க கீது, அதுல எங்கள அடைச்சி வெளிய பூட்டிக்கினாங்க. காலைல பத்துல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். இருமக்கூடக் கூடாது. பொட்டிக்கு ஒரு பக்கெட்டு, அல்லாத்துக்கும். கபாலிக்கு ராத்திரியே வயித்து வலி. உள்ள உருண்டான். நான் தகரத்தத் தட்டினேன். சூப்பர்வைசர் வந்தான். ஆஸ்பத்திரி வேற தீவுல கீது, போட்டுல போனா முக்கா மணி நேரம். போட்டு கெஸ்ட்டுக்கு வச்சிக்கீது, நாளைக்குப் பாக்கலாம்னான். கதவத் தொறக்காமயே சொன்னான். நாலு மணிக்கு கபாலி போய்ட்டான். ஆறு மணிக்குத்தான் கதவத் தொறந்தாங்க. ரெண்டு மணி நேரம் அவன என் மடிலதான் வச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன்."

 டிவியில் ஒரு வெள்ளைக்காரி ஊஞ்சலில் ஆடினாள்.

"மறுநாள் அந்த சூப்பர்வைசர், பதினேழாம் நம்பர முடிச்சிக் குடு, சாமான் போட்டுல பொணத்த அனுப்பறேன்னான். ரசமட்டம் வச்சிப் பாக்கல. நூல் கட்டல. கை பாட்டுக்கு ஒட்டிக்கினு போச்சு. அதான் தண்ணி நிக்குது. அந்த வெள்ளக்காரன் கையில சொல்லு, முட்டாப்பய பேரு ரகுபதின்னு."

ஷ்ரேயா டிவியை நிறுத்தினாள். "ரொம்ப சாரி அங்கிள்" என்றாள். கண் கலங்கித்தான் இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழக்க தோஷத்தில், "வேணும்னா வேற தீவு காட்டட்டுமா?" என்றாள்.

தேவானை எழுந்து நின்றாள். "கெளம்புடா அறிவு."

*

நடைபாதையில் இறங்கியதும் அவள் ரகுபதியின் பக்கம் திரும்பினாள். "ஜொரம் வந்து போய்ட்டான்னு சொன்ன."

"வேற இன்னா சொல்லச் சொல்ற? கொண்டு போயி அடைச்சி சாவடிச்சிட்டோம்னா?"

"எட்டு லட்சம் தூக்கி அவனுங்க வாயில போடப் பாத்தேனே" என்றான் அறிவு. தெரு என்றும் பார்க்காமல் காறித் துப்பினான். "நைனா, கபாலி மாமாவோட கூலி பாக்கி இன்னும் வரலல்ல?"

ரகுபதி ஆட்டோவுக்குக் கை காட்டுவது மாதிரி அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஆளையும் கொன்னுட்டு, கூலியையும் துன்னுட்டு, நமக்கு மாலை போடறானுங்களாமா! உடமாட்டேன். அந்த ஆசிஃப் மெயில் எங்கிட்ட கீது. இன்னைக்கே எழுதறேன்."

"வேணாம்பா. பழைய கத."

"நீ இப்பிடிப் பயந்து பயந்துதான் ஒம்பது வருசம் போச்சு. நான் பயப்பட மாட்டேன். மார்க்கெட்டுக்குப் போலாம் வா. முத்தம்மா அத்தைகிட்ட தொகையக் கரெக்டா கேட்டு எழுதணும்."

ஆட்டோ ஆழ்வார்பேட்டை தாண்டி, லஸ் தாண்டி, சாந்தோமுக்குத் திரும்பியது. ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. ஒவ்வொரு சிக்னலிலும் சொல்லிவிடலாம் என்று ரகுபதி வாயைத் திறந்தார். பச்சை விழுந்தது. மூடிக்கொண்டார்.

சற்று முன்னால் அந்த மாடியில், தேவானை எழுந்து நின்றபோது, அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. தப்பித்தோம், இனி தீவு இல்லை, ஆசிஃப் இல்லை என்ற நிம்மதி. அதை இப்போது நினைத்தபோது தன் எச்சிலை விழுங்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. சொன்னதெல்லாம் நிஜம். ஆனால் சொன்னது எதற்கு? கபாலிக்காகவா? கூலியைத் தின்றது போதாதென்று, தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள அவன் சாவையும் எடுத்துச் செலவு செய்தாயிற்று.

*

பட்டினப்பாக்கம் தாண்டி, லூப் ரோடு மீன் மார்க்கெட்டில் மத்தியான வியாபாரம் சூடு பிடித்திருந்தது. முத்தம்மா ஐஸ்மேல் சங்கரா மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்தபோது அவளைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸில் வருவாள். அவள் விற்பாள், பக்கத்துக் கட்டையில் தேவானை வெட்டிக் கொடுப்பாள். இன்றைக்கு மட்டும் தேவானைக்கு லீவு.

முத்தம்மா நிமிர்ந்து பார்த்து வாயைப் பிளந்தாள். "அடியாத்தி! யார்ரா இது புது ஹீரோயினு? ண்ணா, அண்ணிய எங்க கடத்திக்கினு போற?"

தேவானை சிரிக்கவில்லை. அவள் தோளில் கை வைத்து நின்றாள்.

"அத்த, மாமாவுக்கு கம்பெனி எவ்ளோ தரணும்?" என்றான் அறிவு.

முத்தம்மா யோசிக்கவில்லை. "அஞ்சு மாசம். மாசம் இருபத்திரெண்டு. ஒண்ணு பத்து." சட்டென்று ரகுபதியைப் பார்த்தாள். "தகவல் எதுனா வந்துச்சா ண்ணா?"

ஒன்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று ரகுபதிக்குத் தெரியாது. கேட்ட ஒவ்வொரு தடவையும் "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் போட்டுக்கொடுத்த டீயைக் குடித்தது தெரியும்.

"வரும் அத்த. நான் வரவழைக்கிறேன்" என்றான் அறிவு. ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து போனில் தட்ட ஆரம்பித்தான். தட்டுவதை வாய்விட்டுச் சொன்னான். "கபாலி என்பவருக்குச் சேர வேண்டிய அஞ்சு மாசக் கூலி இதுவரை தரப்படவில்லை... குடுத்ததா சொன்னா, யார் கையில குடுத்தீங்க, கையெழுத்து போட்ட பேப்பர அனுப்புங்க... சாட்சி, டைல்ஸ் மேஸ்திரி ரகுபதி. சரியா நைனா?"

நடுவில் போன் ஒரு தடவை சிணுங்கியது. "இன்னும் நாப்பது நிமிசந்தான் இந்த ரேட்டாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தள்ளிவிட்டான்.

முத்தம்மாவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைக்க முடியாது, இரண்டு கையும் மீன். ஐஸில் தேடி, இருப்பதிலேயே பெரிய சங்கராவாக நாலு எடுத்தாள். கவரில் போட்டு முடிந்து ரகுபதியிடம் நீட்டினாள்.

"எடுத்துனு போ ண்ணா. ராத்திரிக்கு அண்ணிய கொழம்பு வைக்கச் சொல்லு. நீ மட்டும் இல்லாங்காட்டி எனக்குன்னு யாரு கேப்பா?"

ரகுபதி கை நீட்டவில்லை. கவர் நடுவில் தொங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"புடி ண்ணா. கை நோவுது."

"எழுதாதடா" என்றார் ரகுபதி.

"முடிஞ்சிடுச்சு நைனா. அனுப்ப வேண்டியதுதான்."

"அனுப்பாத. கம்பெனி குடுத்துடுச்சு."

அறிவு தலையைத் தூக்கினான். "இன்னா?"

"அப்பவே குடுத்துடுச்சு. ஒம்பது வருசம் ஆவுது. ஆசிஃப் எங்கையிலதான் எண்ணிக் குடுத்தான். கையெழுத்துப் போட்டேன்."

"உங்கையிலயா?" என்றாள் தேவானை. "அத இன்னாய்யா பண்ண?"

ரகுபதி மகனைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். கண் போய்விட்டது. "காலேஜுக்குக் கட்டினேன்."

அறிவின் கட்டைவிரல் போன்மேல் அப்படியே நின்றது. முதல் வருஷக் கட்டணம் ஒரு லட்சத்துச் சொச்சம் என்று அவனுக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். 

முத்தம்மா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் ரகுபதி எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகக்கூட இருந்தார். அவள் நீட்டிய கையை மடக்கினாள். கவரின் முடிச்சை அவிழ்த்தாள். நாலு சங்கராவையும் ஒவ்வொன்றாக எடுத்து, பழையபடி ஐஸ்மேல் தலை மாற்றி அடுக்கினாள்.

"டீ போட்டுக் குடுத்தேனே" என்றாள் தனக்குள் சொல்வது போல. "ஒவ்வொருவாட்டியும் போட்டுக் குடுத்தேனே."

அறிவு எழுந்தான். கம்பத்தில் கட்டியிருந்த க்யூஆர் அட்டைக்கு நேரே போனைத் தூக்கினான்.  "அத்த, நான் இப்பவே போட்டுடறேன். வட்டியோட போடறேன். ரெண்டு லட்சமா போடறேன்."

முத்தம்மா ஈரக் கையால் அந்த அட்டையை மூடினாள்.

"உங்கிட்ட நான் குடுத்து வைக்கல. நீ எடு உன் போன."

"அத்த..."

"அது மேஸ்திரிகிட்ட வந்த கூலிடா. வாங்கின ஆளு எடுத்துனு வரட்டும்." ரகுபதியைப் பார்த்தாள். கல்யாணமாகி அவர் தெருவுக்கு வந்த நாளிலிருந்து ண்ணா என்று கூப்பிட்டவள், இப்போது அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. "உன் புள்ள காசு வேணாம். பொண்டாட்டி மீன் வெட்ன காசும் வேணாம். கேட்டுச்சா மேஸ்திரி?"

ரகுபதிக்குக் கேட்டது. வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. பையில் இருந்தது ஆட்டோவுக்குக் கொடுத்த மீதி.

"சங்கரா எவ்ளோம்மா?" என்று ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு அம்மாள் கேட்டாள்.

"கிலோ ஐநூறு. இன்னைக்கிப் புடிச்சது, செவுளத் தூக்கிப் பாருங்க" என்றாள் முத்தம்மா. குரல் பிசகவில்லை.

தேவானை போய்த் தன் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கத்தியை எடுத்தாள். அந்த அம்மாள் வாங்கிய மீனுக்குச் செதில் எடுக்க ஆரம்பித்தாள். ரகுபதி நின்ற பக்கம் திரும்பவே இல்லை. அறிவு சாலையைத் தாண்டி மணலை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அவன் போனில் அந்த மெயில் அனுப்பாமல் கிடந்தது. அழித்தானா, வைத்திருக்கிறானா என்று கேட்க ரகுபதிக்குத் தைரியம் இல்லை.

டைல்ஸ் மேஸ்திரி ரகுபதி, கபாலியின் மனைவி முத்தம்மாவுக்குத் தர வேண்டியது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்.